துண்டுக்கடியில் ஃபர்ஸ்ட் குரூப்

ஏனுங்க, அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வெச்சுக்கறீங்களா? ஆமாங்க, உக்காந்துக்கறேன். சிங்காநல்லூர்லயே ஏறினா உக்கார எடம் கெடைக்கும்னாங்க, கெடைச்சிருச்சு. நான் வெள்ளகோவில் போகோணும். நீங்க? காங்கயமுங்களா. நல்லதாப் போச்சு. பேச்சுத்துணைக்கு ஆளாச்சு.

பைல்ல இருக்கறது பத்தாவது மார்க் சீட்டுங்களா?

இல்லீங்க, எட்டியெல்லாம் பாக்கலை. நீங்க அந்தப் பைலைப் புடிச்சிருக்கற புடியே சொல்லுதே. நகையைக்கூட மனுசன் இப்படிப் புடிக்கமாட்டான். புது லேமினேசன் வாசம் வேற வருது. லேமினேசன் போடாதீங்கனு பள்ளிக்கூடத்துல தலைபாடா அடிச்சுக்குவாங்க, நாம கேக்கறோமா? பிளஸ் ஒன் அட்மிசன். பொண்ணு. சரிதானுங்களா? பாத்தீங்களா. பையனா இருந்தா இந்நேரம் பைலைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சிருப்பீங்க.

மூஞ்சியைப் பாத்து மனசுல இருக்கறதைச் சொல்றது எனக்குத் தொழிலுங்க. ஜோசியம் இல்லை. மாட்டுத் தரகு. உங்களுக்கு மாடே ஆகாதுங்களா? அது இருக்கட்டுங்க. பேரு நல்லமுத்து. எங்க பக்கம் வந்து தரகு நல்லமுத்துன்னா சின்னப் புள்ளைகூட வீட்டைக் காட்டும்.

நான் இப்பத்தான் என் பொண்ணைக் காலேஜ் ஆஸ்டல்ல விட்டுட்டு வர்றேன். ஒத்தைப் பொண்ணு. பி.எஸ்சி. சைக்காலஜி. அந்தப் பேரு வாயில நுழையறதுக்கே எனக்கு ரொம்ப நாளாச்சு. அந்தப் படிப்புக்கு எந்த குரூப் எடுக்கறதுங்கறதுல எங்க வீட்டுல ஒரு பேரம் நடந்துச்சு பாருங்க, அதைச் சொல்றேன் கேளுங்க. நாளைக்கு உங்களுக்கு உதவும். ஏன்னா அந்தப் பேரத்துல ஜெயிச்சது நானு.

டிக்கெட்டுங்களா? வெள்ளகோவில் ஒண்ணு. சில்லறை இருக்குதுங்க, இந்தாங்க.

எங்க விட்டேன்? ஆங், பேரம். சந்தையில நாங்க விலையை வாயால பேசமாட்டோம். சுத்தியும் காதுங்க நிக்கும், வாயைத் தொறந்தா வியாபாரம் கெட்டுப்போகும். தோள்ல கெடக்கற துண்டை எடுத்து ரெண்டு பேர் கைமேலயும் போட்டுக்குவோம். உள்ள வெரல் பேசும். ஒரு வெரலைப் புடிச்சா ஒண்ணு, ரெண்டு புடிச்சா ரெண்டு. மேல ரெண்டு மூஞ்சியும் மழை எப்ப வரும், கல்யாணம் எப்பனு பேசிட்டிருக்கும். அப்படி ஒருத்தன் கையை ஒருக்காப் புடிச்சேன்னா அவன் ஆசை எங்க இருக்குது, பயம் எங்க இருக்குதுனு எனக்குத் தெரிஞ்சு போயிரும். வெரல் சில்லுனு இருந்தாப் பயம். வேர்த்தா ஆசை. இந்த மாதிரித் துண்டுதானுங்க. இது புதுசு, காலேஜுக்குப் போறமேனு எடுத்தது. பழசு வீட்டுல இருக்குது.

எங்க தொழில்ல பாடம்னு பாத்தா ரெண்டேதான். மொதல்ல கேக்கற விலை விலையே இல்லை. அது சும்மா கதவைத் தட்டற சத்தம். அப்புறம், செவலை மாட்டை வாங்க வந்தவன் மயிலை மாட்டோட வாயைத் தொறந்து பல்லைப் பாப்பான். எது வேணுமோ அதைக் கண்ணெடுத்தும் பாக்கமாட்டான். இது தெரிஞ்சவனை ஒருத்தரும் ஏமாத்த முடியாதுங்க. என்னை ஏமாத்தினவன் இதுவரைக்கும் கெடையாது.

பொண்ணு பேரு மிருதுளா. நான் வெச்ச பேரு இல்லை, பிரசவம் பாத்த நர்சம்மா வெச்சது. எனக்கு அம்மிணிதான். சின்னதுலருந்து லீவு நாள்ல அவளும் என்கூட சந்தைக்கு வருவா. வண்டிமேல ஏறி உக்காந்துக்குவா. மாட்டைப் பாக்கவே மாட்டா! எனக்கு அதுல ஒரு கொறை. மாட்டு டாக்டராகப் போற புள்ளை மாட்டைப் பாக்க வேண்டாமா? ஆளுங்களையே பாத்துட்டு உக்காந்திருப்பா. வீட்டுக்கு வந்து, "அப்பா, அந்தச் செகப்புச் சட்டைக்காரர் மனசில்லாம வித்தாரு. மாடு கை மாறினதுக்கப்புறம் அவரு அந்தப் பக்கமே திரும்பலை, பாத்தீங்களா?"ம்பா. நான் எங்க பாத்தேன்? "சரி கண்ணு, சோத்தைத் தின்னு"ம்பேன்.

மாட்டு டாக்டருனு முடிவு பண்ணுனது யாருங்களா? நாந்தான். வேற யாரு பண்ணுவாங்க? அவ ஒண்ணாவது சேர்ந்தப்பவே முடிவு பண்ணியாச்சு. சந்தை பூராச் சொல்லியாச்சு. "உன்ற பொண்ணு டாக்டராகி வரட்டும், அப்புறம் என்ற மாட்டுக்கு வேற ஒருத்தர் ஊசி போடக்கூடாது"னு பெரிய பெரிய பண்ணைக்காரங்கெல்லாம் சொல்லி வெச்சிருந்தாங்க.

பத்தாவது ரிசல்ட் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல ரெண்டாவது மார்க்கு. எனக்குக் கால் தரையில பாவலை. எங்க பள்ளிக்கூடத்துல நாலு குரூப்புங்க. ஒண்ணு, இயற்பியல் வேதியியலோட கணக்கு, உயிரியல் ரெண்டும் இருக்கும். ரெண்டு, கணக்கில்லாத சயின்ஸ். மூணு, காமர்ஸ். நாலு, வரலாறு. கல்யாண வீட்டுல மொதப் பந்தி, கடைசிப் பந்தி மாதிரினு வெச்சுக்குங்க. மொத மார்க் வாங்குன புள்ளை மொதப் பந்தியில உக்காந்துருச்சு. அடுத்து நம்மது. நம்மது வந்து, "அப்பா, நான் வரலாறு குரூப் எடுக்கறேன்"ங்குது.

"ஏன் அம்மிணி, மார்க் எதும் மாத்திப் போட்டுட்டாங்களா?"

"இல்லப்பா. நான் சைக்காலஜி படிக்கப் போறேன். அதுக்கு எந்த குரூப் எடுத்தாலும் ஆகும்."

"சைக்காலஜின்னா?"

"மனசைப் பத்தின படிப்பு."

"மனசைத் தெரிஞ்சுக்க எதுக்குச் சாமி படிப்பு? நான் படிச்சா பாக்கறேன்?"

"அதான் நீங்க படிக்கலையேப்பா"ன்னா. மரியாதையாத்தான் சொன்னா. படிக்காமலே எனக்கு இவ்வளவு தெரியுதுங்கற பெருமையில சொன்னது.

எங்கூட்டுக்காரி கலாமணி அடுப்படியில இருந்து ஒரு சிரிப்புச் சிரிச்சா. "உங்கப்பனுக்கு ஊரு மனசெல்லாம் தெரியும் கண்ணு. வீட்டுக்குள்ள வந்தாத்தான் கண்ணு தெரியாது"ன்னா. அவ எப்பவுமே அப்படித்தான், முன்னுக்குப் பின் முரணா எதாச்சும் பேசுவா.

சந்தையில ஒருத்தன்கிட்ட மெதுவா விசாரிச்சேன். "அது பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கறதுண்ணா"ன்னான். பக்கத்துல நின்னவன், "பரவால்லையே, அண்ணனை வெச்சே பாப்பா பழகிக்கலாமே"ங்கறான். சந்தைக்காரனுக்கு வாய் நீளம். எனக்கு அன்னைக்கு வியாபாரமே ஓடலை.

சரி, வெவரமானவங்ககிட்டக் கேப்போம்னு பெரிய டீச்சரம்மாவையே போயிப் பாத்தேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்கே தலைமை. பிலோமினானு பேரு. நல்ல மனுசி. "சைக்காலஜிக்கு எந்த குரூப்பும் போதுங்க. கட்டாயம்னு ஒண்ணும் இல்லை. ஆனா மூளை, நரம்புனு பாடம் வரும், அதுக்கு உயிரியல் தெரிஞ்சா சுலபம். புள்ளியியலும் வரும், அதுக்குக் கணக்கு கைகுடுக்கும். புள்ளை தாங்கும்னு தோணுச்சுன்னா ஃபர்ஸ்ட் குரூப்தான் நல்ல அஸ்திவாரம். போன வாரம் மிருதுளா வந்து கேட்டப்பவும் இதேதான் சொன்னேன். ஒண்ணுக்கு ரெண்டு தரம் கேட்டுட்டுத்தான் போனா"ன்னாங்க.

பாத்தீங்களா புடிவாதத்தை! பெரிய டீச்சர் வாயாலயே ஃபர்ஸ்ட் குரூப் நல்லதுனு கேட்டுக்கிட்டா. ஒண்ணுக்கு ரெண்டு தரம் கேட்டுக்கிட்டா. கேட்டுட்டு நேரா வீட்டுக்கு வந்து, வரலாறு வேணும்ங்கறா. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. அவங்கம்மா வழி அது.

ஆனா மனசு தங்கமான புள்ளைங்க. அந்த லீவுல பாத்தா, பக்கத்து வீதியில பிளஸ் ஒன் முடிச்ச பொண்ணு ஒண்ணு, அதோட பழைய உயிரியல் புஸ்தகம், கணக்குப் புஸ்தகமெல்லாம் வாங்கியாந்து உக்காந்து அட்டை போட்டுட்டிருக்கா. "இது எதுக்கு அம்மிணி?"ன்னேன். "அந்தக்காவோடதுப்பா. அட்டை கிழிஞ்சு போச்சு, போட்டுத் தர்றேன்னேன்"னா. அடுத்தவங்க பழைய புஸ்தகத்துக்கு வேலை மெனக்கெட்டு அட்டை போட்டுக் குடுக்கற புள்ளையை இந்தக் காலத்துல எங்க பாக்கறீங்க?

பல்லடம் வந்துருச்சுங்க. கடலக்காய் சாப்புடறீங்களா? ஏப்பா, ரெண்டு பொட்டணம் குடு. இருக்கட்டுங்க, இருக்கட்டும். நாளைக்கு அட்மிசனுக்குப் போற ஆளு, தெம்பாப் போகோணும்.

அப்புறம் நான் ஒரு வேலை பண்ணினேன். வாய்ல சொன்னாக் கேக்கமாட்டா, கண்ணுல காட்டுவோம்னு எனக்குத் தெரிஞ்ச மாட்டு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். நல்ல நேரம் பாத்து ஒரு அம்மா சினை மாட்டைக் கொண்டாந்திருந்தாங்க. கன்னு வெளிய வராம மாடு படுத்தது எந்திரிக்கலை. டாக்டர் சட்டையைக் கழட்டிட்டு எறங்கிட்டாரு. நான் இவளைப் பாத்து, "பாரு கண்ணு, நல்லாப் பாரு"ங்கறேன். திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். அந்த மாட்டுக்கார அம்மா செவுத்தோரம் உக்காந்து அழுதுட்டிருக்குது. இவ போயி அது பக்கத்துல குத்தவெச்சு உக்காந்துட்டு, மாட்டுக்குப் பேரென்ன, கன்னுக்குட்டியிலருந்தே வளத்தீங்களா, இது எத்தனாவது ஈத்துனு பேச்சுக் குடுத்துட்டிருக்கா. அந்தம்மா அழுகையை நிறுத்திட்டுப் பதில் சொல்லுது. கன்னு பொழைச்சு எந்திரிச்சு நின்னதுக்கப்புறம் டாக்டர் கையைக் கழுவிட்டே சொன்னாரு: "நல்லமுத்து, எனக்கு இன்னைக்குப் பாதி வேலை உன் பொண்ணு பாத்துட்டா. அந்தம்மா கத்தியிருந்தா மாடு இன்னும் மெரண்டிருக்கும்."

கேட்டீங்களா! பெரிய டாக்டரே சொல்லிட்டாரு, மாட்டு வைத்தியத்துல பாதி இப்பவே கைவந்துருச்சுனு. வர்ற வழியெல்லாம் அதையே சொல்லிட்டு வந்தேன். அவ சன்னல் பக்கம் திரும்பிட்டா. வெக்கம்.

அட்மிசன் கடைசி நாளுக்கு மொத நாளு. காலையில இட்லிக்கு உக்காந்திருக்கேன். வந்து எதுத்தாப்புல சம்மணம் போட்டு உக்காந்தா. "அப்பா, துண்டைப் போடுங்க"ன்னா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. யாருகிட்ட வந்து என்ன கேக்கறா! சரி, புள்ளை ஆசைப்படுதுனு துண்டைப் போட்டேன். கலாமணி சட்டினிக் கரண்டியோட அப்படியே நின்னுட்டா.

கை உள்ள வந்துச்சு. எடுத்த எடுப்புல என் நாலு வெரலையும் சேத்துப் புடிச்சா. நாலாவது குரூப். நான் அசையலை. அவ ஆள்காட்டி வெரலை மட்டும் புடிச்சேன். ஒண்ணு. மூஞ்சியில ஒரு மாத்தம் இல்லீங்க அவளுக்கு. "இந்த வருசம் மழை எப்படீங்கப்பா?"ங்கறா! "ஆடியில எறங்கிரும் கண்ணு"ன்னு நானும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மூணு வெரலுக்கு வந்தா. காமர்ஸ். நான் மறுபடியும் ஒண்ணு. அவ மூணு. நான் ஒண்ணு. வெரல் சில்லுனும் இல்லை, வேர்க்கவும் இல்லை. கதகதன்னு இருந்துச்சு. அது என்னனு என் கணக்குல இல்லை.

"அப்பனும் மகளும் என்னதான் பேசறீங்கனு எனக்கும் சொல்லித் தொலைங்களேன். இட்லி ஆறுது"ன்னு கலாமணி கத்தறா. "மழை வருமானு கேக்கறாடி"ன்னேன்.

அப்ப எனக்கு ஒரு எரக்கம் வந்துருச்சுங்க. பெத்த புள்ளைதானே. கணக்குத்தான் பயமா இருக்குதாட்டம் இருக்குது, போகட்டும், மாட்டு டாக்டருக்குக் கணக்கு எதுக்கு, உயிரியல் இருந்தாப் போதும்னு நானே எறங்கி ரெண்டு வெரலைப் புடிச்சேன். கணக்கில்லாத சயின்ஸ். ஒரு தரகன் இதுக்கு மேல எறங்குவானா? சொல்லுங்க.

அவ என்ன பண்ணினா தெரியுமா? கையை வெடுக்குனு உருவிட்டு எந்திரிச்சுப் போயிட்டா!

வாசப்படி வரைக்கும் போயிட்டா. போற வியாபாரியைப் பின்னால கூப்புடக்கூடாது, அது தொழில் நியாயம். நான் கூப்புட்டேன். "வா சாமி, பேசுவோம்"னேன்.

வந்து உக்காந்தா. கை உள்ள வந்துச்சு. ஒத்தை வெரலைப் புடிச்சா.

ஒத்தை வெரலுங்க! ஃபர்ஸ்ட் குரூப்! நான் ரெண்டுக்கு எறங்கி நிக்கறேன், அவளா ஒண்ணுக்கு ஏறி வர்றா! விக்கறவன் விலையைக் கொறைச்சதுக்கப்புறம் வாங்கறவன் தானா ஏத்திக் குடுத்து எந்தச் சந்தையிலயாவது பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்லை. ஏன் அப்படிப் பண்ணினானு நானும் நெறைய யோசிச்சிருக்கேன். வேற ஒண்ணும் இல்லைங்க, என்ற கைதான். நான் புடிச்ச புடியில அவ மனசு மாறிப்போச்சு.

வெரலைப் புடிச்சவ விடலை. வாயைத் தொறந்து, "கயிறோட"ன்னா.

அது என்னன்னா, மாட்டை விக்கறவன் கயிறைக் குடுக்கமாட்டான். குடுத்தா மாடு கட்டற கட்டுத்தரையில ராசி போயிரும்பாங்க. வாங்கறவன் புதுக்கயிறு கொண்டாந்து மாத்திக்கோணும். ஆனா சில வீம்புக்காரன் எல்லாம் பேசி முடிஞ்சதுக்கப்புறம், கயிறோட குடுத்தாத்தான் ஆச்சுனு நிப்பான். இவளும் அப்படி நின்னா. "நீங்க சொன்ன குரூப்பே எடுத்துக்கறேன். கணக்கும் படிக்கறேன், உயிரியலும் படிக்கறேன். பிளஸ் டூ முடிச்சதுக்கப்புறம் என்ன படிக்கறதுங்கற கயிறு என்ற கையில இருக்கோணும். சரின்னா கை குடுங்க."

நான் உள்ளுக்குள்ள ஒரு கணக்குப் போட்டேன். ரெண்டு வருசம் உயிரியல் படிச்சா அதுவே அவளை மாட்டு டாக்டர்கிட்டக் கொண்டுபோயி விட்டுரும். தண்ணி காட்டுன எடத்துக்கு மாடு தானா வரும். கயிறுல என்னங்க இருக்குது? கயிறு வெறும் கயிறு. கையை அழுத்திக் குடுத்தேன். முடிஞ்சுது பேரம். நாலுல நின்னவளை ஒண்ணுக்குக் கொண்டாந்தேன். அன்னைக்குச் சந்தையில எல்லாருக்கும் போண்டாவும் டீயும் என்ற செலவு.

கலாமணி மட்டும் ஒரு வாட்டி துண்டைப் பாத்தா, ஒரு வாட்டி என்னைப் பாத்தா. "நல்ல வியாபாரம்"னு மட்டும் சொல்லிட்டு இட்லியைச் சூடு பண்ணப் போயிட்டா.

ரெண்டு வருசமும் புள்ளை நல்லாப் படிச்சா. பொய் சொல்லக்கூடாது, கணக்கெல்லாம் அவ பயந்த மாதிரியே தெரியலை. பிளஸ் டூ மார்க் வந்துச்சு. மாட்டு டாக்டர் சீட்டு இந்த மார்க்குக்குக் கண்ணை மூடிட்டுக் கெடைக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. நான் சந்தோசமா வீட்டுக்குள்ள நொழஞ்சு, "அம்மிணி, வெட்னரிக்கு எப்ப அப்ளிகேசன் போடறது?"ன்னேன்.

துணி மடிச்சுட்டிருந்தா. நிமுந்து பாத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னா. "கயிறு."

அவ்வளவுதானுங்க.

அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலைங்க, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. இத்தனை வருசமாச் சந்தையில சொல்லி வெச்ச சொல்லு. மச்சான்கிட்டச் சொன்னேன். "பொண்ணுகிட்டக் குடுத்த கையெல்லாம் ஒரு கையா மாமா? கண்ணை உருட்டி ரெண்டு போடு போட்டா வெட்னரி போயிட்டுப் போறா"ன்னான். எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. "டேய், துண்டுக்கடியில குடுத்த கைக்கு ஆளு பாக்கற வழக்கம் என்கிட்ட இல்லை. பண்ணைக்காரனுக்குக் குடுத்தாலும் பொண்ணுக்குக் குடுத்தாலும் கை கைதான்"னேன். சொல்லிட்டுத் திண்ணையில போயி உக்காந்துட்டேன். உள்ள அவ கேட்டுட்டிருந்திருக்கா. எனக்குத் தெரியாது. வந்து தட்டுல சோத்தைப் போட்டு வெச்சுட்டு, பக்கத்துல உக்காந்து நான் திங்கற வரைக்கும் எந்திரிக்கலை. அந்தச் செவுத்தோரம் மாட்டுக்கார அம்மாகிட்ட உக்காந்த மாதிரியே உக்காந்திருந்தா. அப்புறம், "அப்பா, மாட்டுக்கு ஒடம்பு சரியில்லைன்னா டாக்டர் இருக்காரு. மாட்டுக்காரனுக்கு மனசு சரியில்லைன்னா யாரு இருக்கறாங்க?"ன்னா.

அடுத்த சந்தைக்குப் போனேன். "என்ன நல்லமுத்து, பாப்பா மாட்டு டாக்டருக்குப் போகலையாமே?"ன்னு ஆரம்பிச்சானுங்க. "டேய், மாட்டுக்கு டாக்டர் இருக்காரு, மாட்டுக்காரனுக்கு யாருடா இருக்கா?"ன்னேன் பாருங்க. கேலி பண்ண வந்தவனெல்லாம் மாட்டுப் பக்கம் திரும்பிட்டானுங்க. மொதல்ல சொன்னது அவளா இருக்கலாம். சந்தையில சொன்னது நானு.

இன்டர்வியூ அன்னைக்கு நடந்ததைச் சொல்லலையே. அதுதானுங்க முக்கியம். அந்தத் துறைக்கே பெரிய மேடம். மார்க் சீட்டைப் பாத்துட்டு மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுட்டு, "இங்க வர்ற புள்ளைங்கள்ல பாதிப் பேரு உயிரியல் படிக்காம வந்து மூளைப் பாடத்துல முழிக்கறாங்க. மீதிப் பேரு கணக்கை விட்டுட்டு வந்து புள்ளியியல்ல அழுகறாங்க. நீ ரெண்டும் படிச்சுட்டு வந்திருக்கறயே, யாரும்மா உனக்கு யோசனை சொன்னது?"ன்னாங்க.

இவ திரும்பி என்னைக் கையைக் காட்டினா. "எங்கப்பாதான் மேடம். ஃபர்ஸ்ட் குரூப்புனு ஒரே புடியா நின்னாரு."

அந்த ரூம்ல இருந்த அத்தனை பேரும் என்னைப் பாக்கறாங்க. அந்த மேடம் எனக்குக் கையெடுத்துக் கும்புட்டாங்க. "தொலைநோக்கு உள்ள அப்பா"ன்னாங்க. நான் துண்டைச் சரியாப் போட்டுக்கிட்டேன். வேற என்ன பண்றது?

இன்னைக்கு ஆஸ்டல் கேட்டு வரைக்கும் வந்தா. பொட்டி, பக்கெட்டு எல்லாம் உள்ள வெச்சாச்சு. கலாமணி வரலை, மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லைன்னா. அழுகை வரும்னு பயம், எனக்குத் தெரியாதா. சரி கெளம்பறேன் கண்ணுன்னேன். "அப்பா, துண்டைப் போடுங்க"ன்னா. வாசல்ல நிக்கற வாட்ச்மேன் பாக்கறாரு, நாலு புள்ளைங்க பாக்குதுங்க. போட்டேன்.

கையை உள்ள விட்டு என் நாலு வெரலையும் சேத்துப் புடிச்சா.

நாலு! வரலாறு குரூப்! பாவம், ரெண்டு வருசமாகியும் அந்த ஆசை அவளை விட்டுப் போகலை பாருங்க. மனசுல வெச்சே புழுங்கியிருக்கா. நான்தான் கொஞ்சம் ஓவராப் போயிட்டனோ என்னமோ. ஆனா ஒண்ணு மட்டும் புரியலை. புடிச்சுட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. "மழை எப்படீங்கப்பா?"ங்கறா. "வந்துரும் கண்ணு"ன்னேன். அழுகையை மறைக்கத்தான் அப்படிச் சிரிச்சிருப்பா. மனசைப் படிக்கறவன் நானு, எனக்குத் தெரியாதா?

இனி லீவுக்குத்தான் வருவா. அதுவரைக்கும் வீட்டுல துண்டு சும்மாதான் கெடக்கும்.

காங்கயம் வந்துருச்சுங்களே. எறங்கறீங்களா? பைல் பத்திரம். இருங்க இருங்க, கேக்கவே மறந்துட்டேன். உங்க பொண்ணு என்ன படிக்கோணும்ங்குது? வக்கீலா? அதுக்கு எந்த குரூப் கேக்குது?

மாட்டு டாக்டருக்கு ஆகற சயின்ஸ் குரூப்பா? வக்கீலுக்குப் படிக்கப் போற புள்ளை எதுக்குங்க திடீர்னு மாட்டு டாக்டர்ங்குது? அதுவும் உங்களுக்குத்தான் மாடே ஆகாதுன்னீங்களே? நீங்க என்ன சொன்னீங்க? அதுக்கு வரலாறு, காமர்ஸே தேவலைன்னுட்டீங்களா? சரியாச் சொன்னீங்க! அதுல அப்படியே நில்லுங்க. நான் சொல்றேன், எறங்கி வரும். கயிறு கேட்டாக் குடுத்துருங்க, கயிறுல ஒண்ணும் இல்லை.

ஏனுங்க, எதுக்குச் சிரிக்கறீங்க? ஏனுங்க? எங்கூட்டுக்காரியும் இந்தக் கயிறுப் பேச்சை எடுத்தாப் போதும், இப்படித்தான் சிரிக்கறா.